சமையலறைத் தராசில் அவுன்ஸும் கிராமும்

கனடாவில் வெண்ணெய் வாங்கினால் உறையின் மேல் 454 கிராம் என்று அச்சிட்டிருக்கும். பிரிட்டனில் ஜாம் புட்டியிலும் கோல்டன் சிரப் டப்பாவிலும் அதே 454. அங்கே கண்டென்ஸ்டு மில்க் டப்பா 397 கிராம். வேறு சில பொட்டலங்களில் 340, இன்னும் சிலவற்றில் 227. பத்தும் நூறுமாகப் பிரிகிற மெட்ரிக் முறையில் இப்படிப்பட்ட எண்கள் தாமாக முளைக்காது. 454 கிராம் என்பது ஒரு பவுண்டு. 340 முக்கால் பவுண்டு, 227 அரைப் பவுண்டு, 397 பதினான்கு அவுன்ஸ். சட்டம் வந்து லேபிளில் இருந்த எழுத்தை மாற்றியது. டப்பாவின் அளவு மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அந்த டப்பாவை நம்பி எழுதப்பட்ட சமையல் குறிப்புகளும் அப்படியே நின்றன.

அவுன்ஸில் எழுதிய குறிப்பைக் கிராமில் எப்படிச் சமைப்பது என்று கேட்டால், 28.35ஆல் பெருக்கு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தப் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் கேக்கும் பிஸ்கட்டும் ரொட்டியும் கெட்டுப்போவது பெருக்கலுக்குப் பிறகு நடக்கிற காரியங்களால்தான். வந்த விடையை எந்தப் பக்கம் தள்ளி முழு எண்ணாக்குகிறோம், முட்டையை என்ன செய்கிறோம், எடையையும் கொள்ளளவையும் எங்கே குழப்பிக்கொள்கிறோம் என்பதையெல்லாம் பொறுத்தே பண்டம் அமைகிறது. குறிப்பில் உள்ள எண்களைவிட, அந்த எண்களுக்கு இடையே உள்ள விகிதம்தான் குறிப்பின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். விகிதம் தப்பாமல் இருந்தால் எந்த அளவையில் நிறுத்தாலும் பண்டம் ஒன்றாகவே வரும்.

பவுண்டு என்றால் எவ்வளவு என்பதில் இன்று சந்தேகத்துக்கு இடமில்லை. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் ஒரு பவுண்டு 0.45359237 கிலோகிராம் என்று ஒப்புக்கொண்டன. அதற்கு முன் அமெரிக்கப் பவுண்டுக்கும் பிரிட்டிஷ் பவுண்டுக்கும் இடையே மிக நுண்ணிய வேறுபாடு இருந்தது. அது ஆய்வகத்துக்குத்தான் தொல்லை, அடுப்படிக்கு இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: அன்று முதல் பவுண்டு தனக்கென்று தனி மூலம் இல்லாமல், கிலோவின் ஒரு பின்னமாகவே வரையறுக்கப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஆகவே ஓர் அவுன்ஸ் 28.349523125 கிராம். தங்கம் நிறுக்கும் டிராய் அவுன்ஸ் வேறு, அது 31.1 கிராம். அதற்குச் சமையலறையில் வேலை இல்லை.

பிரிட்டன் மெட்ரிக்குக்கு மாறப்போவதாக 1965இல் அறிவித்தது. மாற்றத்தை நடத்த 1969இல் ஒரு வாரியம் அமைந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் சமையல் நூல் எழுதியவர்கள் எல்லாரும் ஒரே சிக்கலைச் சந்தித்தார்கள். நாலு அவுன்ஸ் வெண்ணெய் என்று எழுதிப் பழகிய கை, இனி 113.4 கிராம் வெண்ணெய் என்று எழுத முடியுமா? வாசகரின் வீட்டில் இருந்த தராசில் 113 என்ற கோடே கிடையாது. ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என்கிற எண்கள்தான் கண்ணால் படிக்கத் தோதானவை. எனவே அவுன்ஸுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படியே ஏறிப்போனால் ஒரு பவுண்டுக்கு 400 கிராம்தான் வரும், 54 கிராம் குறைந்துவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்ட, மேலே போகப்போக எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். பல பிரிட்டிஷ் சமையல் நூல்களின் முன்பக்கத்தில் இன்றும் அச்சாகும் அட்டவணை இப்படிப் பிறந்ததுதான்: 1 அவுன்ஸுக்கு 25 கிராம், 2க்கு 50, 3க்கு 75, 4க்கு 110, 5க்கு 150, 6க்கு 175, 8க்கு 225, 16க்கு 450.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்று அவுன்ஸின் உண்மையான எடை 85 கிராம். அட்டவணை தருவது 75, அதாவது ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. ஐந்து அவுன்ஸ் 141.7 கிராம். அட்டவணை தருவது 150, அதாவது 6 சதவீதம் கூடுதல். ஒரே குறிப்பில் மூன்று அவுன்ஸ் சர்க்கரையும் ஐந்து அவுன்ஸ் மாவும் இருந்தால் ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. ஐந்துக்கு மூன்று என்றிருந்த விகிதம் இரண்டுக்கு ஒன்றாகிவிடுகிறது.

இதை ஷார்ட்பிரெட் என்கிற ஸ்காட்லாந்து பிஸ்கட்டில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். அதன் இலக்கணமே 1:2:3 தான். சர்க்கரை இரண்டு அவுன்ஸ், வெண்ணெய் நாலு அவுன்ஸ், மாவு ஆறு அவுன்ஸ். முட்டை இல்லை, தண்ணீர் இல்லை, மூன்றே பொருள். மாவைப் பிடித்து நிறுத்துவது வெண்ணெய் ஒன்றுதான். அட்டவணைப்படி மாற்றினால் 50, 110, 175 என்று வரும். இது 1:2.2:3.5. சர்க்கரையோடு ஒப்பிட்டால் மாவு ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது, வெண்ணெய் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. வெண்ணெய்க்கும் மாவுக்கும் உள்ள உறவும் நகர்ந்துவிட்டது. பிஸ்கட் வரும், வராமல் போகாது. ஆனால் இனிப்பு மட்டுப்பட்டு, மாவு தூக்கலாக, கையில் எடுத்தால் உதிர்கிற பிஸ்கட்டாக வரும். சாப்பிடுபவர் அடுப்பைக் குறை சொல்வார், மாவைக் குறை சொல்வார். அட்டவணையைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

அதே பிஸ்கட்டை 50, 100, 150 என்று நிறுத்தால் ஒரு குறையும் வராது. 60, 120, 180 என்று நிறுத்தாலும் அப்படியே. முதலாவதில் பிஸ்கட் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், இரண்டாவதில் கொஞ்சம் கூடும். விகிதம் இம்மியும் நகரவில்லை. துல்லியம் என்று நாம் தேடுவது அவுன்ஸுக்கு 28.35 என்ற எண்ணில் இல்லை. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் குறிப்பு முழுவதற்கும் அதையே பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. ஒரு குறிப்புக்கு ஒரு பெருக்கெண்.

பிரிட்டிஷ் நூல்களில் மெட்ரிக் ஒரு வரிசையாகவும், பவுண்டும் அவுன்ஸும் கொண்ட இம்பீரியல் ஒரு வரிசையாகவும் அச்சிட்டு, இரண்டையும் கலக்காதீர்கள் என்று எச்சரித்திருப்பார்கள். பலர் அதைச் சம்பிரதாயமான வாசகம் என்று கடந்துபோகிறார்கள். காரணம் இதுதான்: வெண்ணெய்க்கு 100 கிராம் என்று மெட்ரிக் வரிசையைப் பார்த்துவிட்டு, மாவுக்கு ஆறு அவுன்ஸ் என்று அடுத்த வரிசைக்குத் தாவினால், வெண்ணெய் 100க்கு மாவு 170. இருக்க வேண்டியது 150.

முட்டை வந்ததும் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வெண்ணெயையும் மாவையும் எந்தப் பெருக்கெண்ணாலும் குறைக்கலாம், கூட்டலாம். முட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கையாகத்தான் வருகிறது. விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக்குக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை ஒவ்வொன்றும் நாலு அவுன்ஸ், முட்டை இரண்டு. அவுன்ஸுக்கு 25 என்று மாற்றினால் மூன்றும் நூறு நூறு கிராம். முட்டை மட்டும் அதே இரண்டு. மற்றவை 12 சதவீதம் இளைத்துவிட, முட்டை இளைக்கவில்லை. மாவோடு ஒப்பிட்டால் முட்டை 13 சதவீதம் கூடியதாகிறது. நாலு அவுன்ஸுக்கு 100 என்று போடாமல் 110 என்று அட்டவணை செய்தவர்கள் போட்டதற்கு இது நல்ல காரணம். அதனால் ஸ்பாஞ்ச் கேக் பிழைத்தது, ஷார்ட்பிரெட் அடிபட்டது. எல்லாக் குறிப்புக்கும் பொருந்துகிற ஒரே அட்டவணை இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனின் பழைய சமையல்காரர்களிடம் இதற்கு அருமையான வழி ஒன்று இருந்தது. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை ஓட்டோடு வைப்பார்கள். மறுதட்டில் முட்டைக்கு ஈடாக மாவு, பிறகு வெண்ணெய், பிறகு சர்க்கரை. எடைக்கல்லே வேண்டாம். அவுன்ஸும் வேண்டாம், கிராமும் வேண்டாம். முட்டை சிறுத்தால் கேக் சிறுக்கும், முட்டை பெருத்தால் கேக் பெருக்கும், விகிதம் மாறாது. பிரிட்டனில் இன்று நடுத்தர முட்டை என்று விற்பது 53 முதல் 63 கிராம் வரை, பெரியது 63 முதல் 73 வரை. நம் ஊர்க் கடையில் தரம் பிரிக்காமல் வாங்கும் முட்டை பல சமயம் அதைவிடச் சிறியது. வெளிநாட்டுக் குறிப்பில் நாலு முட்டை என்று இருந்தால் எண்ணுவதைவிட நிறுப்பது நல்லது. பவுண்டு கேக் என்று பெயர் பெற்ற கேக்கும், பிரான்சில் நான்கு கால் பங்கு என்ற பொருளில் பெயர் பெற்ற அதன் உறவும் இந்தச் சமனைத்தான் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கின்றன. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடை. அதை எந்த நாட்டுத் தராசிலும் செய்யலாம்.

புதிய அளவை வரும்போது மக்கள் பழைய பெயரை விடுவதில்லை, பழைய அளவைத்தான் மெல்ல விட்டுவிடுகிறார்கள். பிரான்சில் புரட்சிக்குப் பின் 1795இல் மெட்ரிக் சட்டம் வந்தது. மக்கள் ஏற்கவில்லை. 1812இல் நெப்போலியனின் அரசு இறங்கிவந்து, 500 கிராமைப் பழைய பவுண்டின் பெயரால் அழைக்க அனுமதித்தது. அந்த அனுமதி 1840இல் முடிந்தும் பேச்சு முடியவில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் சந்தையில் இன்றும் பவுண்டு என்று கேட்டால் 500 கிராம் கிடைக்கும். நம் ஊரில் தங்கத்துக்கு நடந்ததும் இதேதான். பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம், இன்று நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். மாறாக, பிரிட்டனில் சிலர் பழைய அளவையே காப்பாற்றப் போராடினார்கள். 2000ஆம் ஆண்டு முதல் பொட்டலமிடாமல் நிறுத்து விற்கும் உணவுப் பொருள்களை மெட்ரிக்கில்தான் நிறுக்க வேண்டும் என்றானபோது, சண்டர்லாந்து நகரக் கடைக்காரர் ஸ்டீவ் தோபர்ன் வாழைப்பழத்தைப் பவுண்டுத் தராசில் நிறுத்து விற்றதற்காக வழக்கைச் சந்தித்தார். 2002இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். கையும் கண்ணும் பழகிய எடையை மனிதர்கள் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

ஆனால் சமையல் குறிப்பைப் பொறுத்தவரை, பெயர் நின்று அளவு நகர்வது ஆபத்து. பவுண்டு என்று எழுதியிருப்பது 454ஆ 500ஆ என்பது எழுதியவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. இந்தியக் கடைகளில் வெண்ணெய் 100 கிராமாகவும் 500 கிராமாகவும் கிடைக்கிறது. அமெரிக்கக் குறிப்பில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்பது நாலு அவுன்ஸ், 113 கிராம். அதற்குப் பதில் நமது 100 கிராம் கட்டியைப் போட்டால் 12 சதவீதம் குறையும். ஒரு பவுண்டு என்ற இடத்தில் 500 கிராம் கட்டியைப் போட்டால் 10 சதவீதம் கூடும். ஒரே சமையலறையில், ஒரே வெண்ணெயில், ஒரு நாள் குறைவு, ஒரு நாள் கூடுதல். அமெரிக்கக் குறிப்புகள் நம் ஊர் வெண்ணெய்க்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் முதலில் இந்த 13 கிராமைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த குழி அவுன்ஸிலேயே இருக்கிறது. எடை அவுன்ஸ் ஒன்று, திரவ அவுன்ஸ் மற்றொன்று. நம் வீடுகளில் அவுன்ஸ் என்ற சொல் பெரும்பாலும் மருந்து அளக்கும் கிளாஸிலும் குழந்தையின் பால் புட்டியிலும்தான் புழங்குகிறது. அங்கே அது கொள்ளளவு, சுமார் 30 மில்லி. தண்ணீரும் பாலும் இருக்கும்வரை இரண்டு அவுன்ஸும் ஏறத்தாழ ஒன்றுதான், எனவே தவறு தெரியாது. தேன் வந்தால் தெரிந்துவிடும். எட்டு அவுன்ஸ் தேன் என்பதை எடையாகப் படித்தால் 227 கிராம். அமெரிக்க அளவில் கொள்ளளவாகப் படித்தால் ஒரு கப், அதன் எடை 340 கிராம் அளவில் இருக்கும். பாதிக்குப் பாதி கூடுதல். குறிப்பில் பொருள் நீர்மமாக இருந்து, வெறும் அவுன்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், குறிப்பின் மற்ற வரிகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாவைக் கப்பில் அளப்பவர் தேனையும் பெரும்பாலும் கப்பில்தான் அளந்திருப்பார்.

திரவ அவுன்ஸுக்கும் இரண்டு நாட்டுக் கணக்கு உண்டு. பிரிட்டன் 1824இல் பத்துப் பவுண்டு தண்ணீர் பிடிக்கும் காலனைத் தரமாக்கியது. இம்பீரியல் என்ற பெயர் அந்தச் சட்டத்தோடு வந்தது. அமெரிக்கா அதற்குள் தனி நாடாகி, 231 கன அங்குலம் கொண்ட பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டது. ஆகவே பிரிட்டிஷ் பைண்ட் 20 திரவ அவுன்ஸ், 568 மில்லி. அமெரிக்க பைண்ட் 16 திரவ அவுன்ஸ், 473 மில்லி. அரை பைண்ட் பால் என்று எழுதிய கஸ்டர்டு லண்டனில் 284 மில்லி கேட்கிறது, பாஸ்டனில் 237 மில்லி கேட்கிறது. இந்த வேறுபாடு கஸ்டர்டை உறையவும் வைக்கும், உறையாமலும் விடும்.

கப்பு அளவை அமெரிக்க வீடுகளில் வேரூன்றச் செய்த நூல் என்று 1896இல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளி நூலைச் சொல்வார்கள். கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். குவித்தும் குறைத்தும் அளந்த கைகளுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. தலைதட்டினாலும் மாவு மட்டும் அடங்குவதில்லை. மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப்போட்டுத் தலைதட்டினால் ஒரு கப் 120 கிராம் இருக்கும். கப்பையே மாவில் விட்டு அழுத்தி எடுத்தால் 150ஐத் தொடும். கால் பங்கு வேறுபாடு. அதே கப்பில் சர்க்கரை 200 கிராம், நெய் 220 கிராம் அளவில். ஒரு கப் என்பது இத்தனை கிராம் என்று ஒரே வரியில் பதில் சொல்லும் எந்த அட்டவணையையும் நம்ப வேண்டாம். எந்தப் பொருள் என்று கேட்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கப்பும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. எலெக்ட்ரிக் குக்கரோடு வரும் அரிசிக் கப் பெரும்பாலும் 180 மில்லி. அதைச் சமையல் கப் என்று எண்ணி மாவு அளந்தால் குறிப்பில் கால் பங்கு காணாமல் போகும். மேசைக்கரண்டி மற்ற நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. உப்பைக் கரண்டியில் அளப்பதானால் தூளுப்பா கல்லுப்பா என்று பார்க்க வேண்டும். தூளுப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம், பரலாக இருக்கும் உப்பு அதைவிடக் குறைவு. ஊறுகாய்க்கு உப்பை நிறுத்துப் போடுகிறவர் வீட்டில் பூஞ்சணம் பற்றிய பேச்சு குறைவாகவே எழும்.

இவ்வளவு குழப்பத்துக்கும் மருந்து மேசை மேல் வைக்கும் சிறிய எலெக்ட்ரானிக் தராசு. அதன் முகப்பில் அலகு மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்த அழுத்தக் கிராம், அவுன்ஸ், பவுண்டும் அவுன்ஸும் சேர்ந்தது, மில்லி என்று சுற்றிவரும். அவுன்ஸ் குறிப்பைச் சமைக்க இதைவிட நேரான வழி இல்லை. பொத்தானை அழுத்தி, குறிப்பின் மொழியிலேயே நிறுத்துவிடலாம், மாற்றவே வேண்டாம். ஆனால் மில்லி என்ற நிலையை நம்பக்கூடாது. தராசுக்குக் கொள்ளளவு தெரியாது, எல்லாவற்றையும் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு எடையை அப்படியே மில்லியாகக் காட்டுகிறது. நூறு மில்லி எண்ணெய் 92 கிராம் அளவில்தான் இருக்கும். அந்த நிலையில் நூறு காட்டும்வரை ஊற்றினால் எண்ணெய் கூடிவிடும். பவுண்டு, அவுன்ஸ் காட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒன்றரைப் பவுண்டு என்பது ஒரு பவுண்டு எட்டு அவுன்ஸ். குறிப்பில் 1.5 என்று இருப்பதை ஒரு பவுண்டு ஐந்து அவுன்ஸ் என்று படித்துவிடுவது எளிது.

மலிவான தராசுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஈஸ்ட்டையோ உப்பையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், அந்தச் சிறு மாற்றத்தை அலைவு என்று எண்ணிப் பூஜ்யத்திலேயே நிற்கும். பெரிய கிண்ணத்தை மேலே வைத்துக்கொண்டு ஏழு கிராம் ஈஸ்ட்டை நிறுக்க முயல்பவர் பத்து கிராம் போட்ட பிறகும் எண் நகரக் காணோம் என்று திகைப்பார். சின்னக் காகிதத்தில் தனியே ஒரேயடியாகக் கொட்டி நிறுத்து, பிறகு மாவில் சேர்ப்பது நல்லது. அந்த ஏழு கிராம் ஈஸ்ட் பாக்கெட்டும் கால் அவுன்ஸ்தான்.

ரொட்டிப் பட்டறைக்காரர்கள் அலகு மாற்றும் தொல்லையிலிருந்து என்றைக்கோ விடுபட்டுவிட்டார்கள். அவர்கள் கணக்கில் மாவு எப்போதும் நூறு. மற்றதெல்லாம் மாவின் சதவீதம். தண்ணீர் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1 என்று எழுதிவைத்தால் போதும். மாவு ஒரு பவுண்டானாலும் ஒரு மூட்டையானாலும் மற்றவை தாமே வந்து நிற்கும். வீட்டுக் குறிப்புக்கும் இது பொருந்தும். அவுன்ஸில் எழுதியதை நேராகக் கிராமுக்குக் கொண்டுபோகாமல் முதலில் விகிதமாக்கிக்கொள்ள வேண்டும். முட்டை இருந்தால் முட்டையின் எடையிலிருந்து தொடங்கலாம், இல்லாவிட்டால் மாவிலிருந்து. எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்ட பிறகு அவுன்ஸுக்கு 25 என்று ஒதுக்கிப் பிடிக்கும் அவசியமும் போய்விட்டது. எல்லாவற்றையும் 28ஆல் பெருக்கினால் முட்டைக்கும் பழுதில்லை, கேக் தட்டுக்கும் பழுதில்லை. தட்டு எட்டு அங்குலம் என்றால் 20 சென்டிமீட்டர் போதும்.

நமக்கு இந்தப் பிரச்சினை அந்நிய கேக்கோடு நிற்பதில்லை. இந்தியாவில் எடை அளவைச் சட்டம் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபரில் கிராம் எடை படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது, 1962இல் கட்டாயமாயிற்று. அதற்கு முன் எழுதிய தமிழ்ச் சமையல் குறிப்புகளில் பலமும் வீசையும் சேரும் ரூபாய் எடையும் இருக்கும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் முதலில் வெளிவந்தபோது நாட்டில் கிராம் நடைமுறையில் இல்லை. அந்தப் பழைய எடைகளின் அடியிலும் இருந்தது ஆங்கிலேயர் கணக்கேதான். ஒரு தோலா 180 கிரெய்ன். பிரிட்டிஷ் பவுண்டை ஏழாயிரமாகப் பிரித்த அதே கிரெய்ன் இது. கிராமில் 11.66. சென்னை ராஜதானியில் மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. ஆக, பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1,400 கிராம்.

இதில் சேர்தான் பொல்லாதது. வடக்கே 80 தோலா ஒரு சேர், அதாவது 933 கிராம். சென்னைச் சேரைப்போல் மூன்று மடங்குக்கு மேல். பழைய குறிப்பேட்டில் ஒரு சேர் சர்க்கரை என்று கண்டால், அகராதியில் முதலில் கிடைக்கும் எடையைப் போட்டு மாற்றிவிடக் கூடாது. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க வேண்டும். ரூபாய் எடை என்பதிலும் அதே எச்சரிக்கை வேண்டும். அன்றைய வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா எடை, வீட்டில் எடைக்கல்லாகவே பயன்பட்டது. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் அதில் பாதிகூட இல்லை. இரண்டு ரூபாய் எடை மிளகு என்ற வரியை இன்றைய நாணயத்தை வைத்து நிறுத்தால் ரசத்தில் மிளகு இருக்காது. படி, ஆழாக்கு பற்றிப் பேசினால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும் முகத்தல் அளவைக்குள் போக வேண்டிவரும். அது தனிக் கட்டுரைக்குரியது. ஒரு ஆறுதல்: இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நாலுக்கு ஒன்று என்று ஒரே பாத்திரத்தில் அளந்தவர்களுக்கு எந்தப் படியானாலும் மாவு ஒன்றாகவே வந்தது. நம் பாட்டிமார் விகிதத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் பவுண்டு, ராத்தல் என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரொட்டியை ஒரு ராத்தல் பாண் என்று கேட்டு வாங்குவது அங்கே இயல்பான பேச்சு. பாணுக்கு அங்கே அரசு வைத்திருக்கும் நிர்ணய எடை 450 கிராம், பவுண்டுதான் கொஞ்சம் செதுக்கப்பட்டு நிற்கிறது. பால் பேணியால், அதாவது கண்டென்ஸ்டு மில்க் டப்பாவால், அரிசி அளப்பதும் அங்கே பழக்கம். பதினான்கு அவுன்ஸ் பால் கொண்ட பேணியில் அரிசி அதே எடைக்குப் பிடிக்காது. பால் அடர்த்தி மிகுந்தது, அரிசிக்கிடையில் காற்று. சுமார் 250 கிராம்தான் வரும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எழுதப்பட்டு, இன்று டொரன்டோவிலும் லண்டனிலும் அலமாரியில் இருக்கும் குறிப்பேடுகளில் லவ் கேக் அரை ராத்தல் ரவை, ஒரு ராத்தல் சீனி என்று தொடங்கும். அதை 225, 450 என்று எடுத்தால் முட்டைக் கணக்கை மாற்ற வேண்டாம். பொட்டலம் உடைக்கச் சோம்பி 250, 500 என்று எடுத்தால் முட்டை மஞ்சள் பத்து இருந்த இடத்தில் பதினொன்று வேண்டும். டொரன்டோவில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல்: கடை விளம்பரத்தில் இறைச்சிக்கு ராத்தல் விலை பெரிய எழுத்தில், ரசீதில் கிலோ.

இந்தக் குறிப்பேடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவற்றை எழுதிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. பலம் எவ்வளவு, எந்தச் சேர், எந்த டம்ளர் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இப்போது இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் எழுத்து இருக்கும், அளவு இருக்காது. தமிழ்ச் சமையல் நூல்களைப் பதிப்பிக்கிறவர்கள் ஒரு கப், ஒரு டம்ளர் என்பதோடு நிறுத்தாமல் கிராமையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். எந்தக் கப், எத்தனை மில்லி என்று முதல் பக்கத்தில் சொல்ல வேண்டும். பழைய நூல்களை மறுபதிப்பு செய்யும்போது பலத்தையும் வீசையையும் நீக்கிவிட்டுக் கிராமை மட்டும் போடக் கூடாது. மாற்றியவர் எப்படி மாற்றினார் என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படியொரு குறிப்பேடு இருந்தால், எழுதியவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் தராசை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையால் அள்ளிப்போடுவதைக் கிண்ணத்தில் வாங்கி நிறுத்து, பழைய அளவை அடிக்காமல் அதன் அருகிலேயே கிராமை எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், முட்டை எவ்வளவு பெரிது என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.